மாதிரித் தட்டை மாற்றாத இருபது நாட்கள்

தத்துவம் படித்தே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது என்னிடம் ஒரு தத்துவப் புத்தகம்கூட இல்லை. இருந்தது ஒரு முறம், முறம் நிறைய ஏலக்காய், எதிரே ஒரு ஜன்னல்.

பி.யூ.சி. முடித்துவிட்டு மலையேறி வந்திருந்தேன். கம்பம்மெட்டு முக்கிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருந்த ஏலத்தோட்டத்தில் அண்ணன் காய் உலர்த்தும் உலைக்கு விறகு போடுகிறவன். மதினி காய் பிரிக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். மேலே படிக்க வைக்க வீட்டில் வழியில்லை. இது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுத் தபால்காரரின் வரவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “பாதையப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போகும், வா, காயப் பாப்போம்” என்று மதினி என்னையும் கூடத்துக்கு இழுத்துப் போனாள்.

என்னோடு விடுதியில் ஒரே அறையில் இருந்த தோழி மட்டும் மதுரைக்குப் போய் பி.ஏ. தத்துவம் சேர்ந்துவிட்டாள். பரீட்சையில் என்னைவிட மதிப்பெண் குறைவு. எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய். அவளிடமிருந்து வந்த முதல் இன்லண்ட் லெட்டர் முழுக்க ஒரே பெருமை. முதல் வகுப்பிலேயே ஒரு கேள்வி கேட்டு எல்லாரையும் கலக்கிவிட்டார்களாம். பெட்டிக்குள் பூட்டி வைத்த சிவப்புச் சேலை, பெட்டி மூடியிருக்கும்போதும் சிவப்பாகத்தான் இருக்கிறதா? உள்ளே வெளிச்சம் இல்லை, பார்க்க ஒரு கண்ணும் இல்லை. பிறகு எதை நம்பி சிவப்பு என்கிறாய்?

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மதினியிடம் கேட்டேன்.

“பொட்டிக்குள்ள செவப்பா இல்லாம பின்ன என்னவாம்? பச்சையா மாறிருமா?”

“அதில்ல மதினி. செவப்புங்கிறது சேலையில இருக்கா, நம்ம கண்ணுல இருக்கா?”

“அந்தச் சேலைய எனக்குக் குடுக்கச் சொல்லு. நான் கட்டிக்கிட்டுக் காட்டுறேன், எதுல இருக்குன்னு.”

தோழிக்கு நான் எழுதிய பதிலில் நாலு வரிதான் நலம் விசாரிப்பு. மீதியெல்லாம் கெஞ்சல். ஒன்றுமே தெரியாதவள் தத்துவத்தை எங்கே தொடங்குவது? எந்தப் புத்தகம் முதலில்? இங்கே நூலகம் கிடையாது, இருக்கிற புத்தகம் எங்கள் கிறிஸ்தவ ஆலயத்துப் பாட்டுப் புத்தகமும் அண்ணனின் பழைய காலண்டரும்தான் என்று எழுதினேன். அவள் பதில் பத்து நாளில் வந்தது. புத்தகம் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். அவர்களுக்கு முதல் வாரம் கொடுத்த பயிற்சியை நானும் செய்து பார்க்கலாமாம். உன்னைச் சுற்றி எல்லாரும் காரணம் கேட்காமல் செய்கிற பத்துக் காரியங்களை எழுது. ஒவ்வொன்றுக்கும் ‘ஏன்’ என்று விசாரி. பதில் கிடைத்தால் எழுதிக்கொள். கிடைக்காததைச் சுற்றி ஒரு வட்டம் போடு.

அவ்வளவுதான். ஒரு நோட்டும் பென்சிலும் போதும் என்றால் நான் மதுரைக்காரிக்கு எந்த விதத்தில் குறைந்தவள்?

அன்றிலிருந்து நான் ஒரு தொல்லையாகிப் போனேன். எங்கள் பக்கத்து பஸ் கீழே கம்பம் ஊரிலிருந்து ஏறி வரும்போது கேரள எல்லைச் செக்போஸ்டில் எல்லாரையும் இறக்கிவிட்டு நடக்க வைத்து அப்புறம் ஏற்றுவார்கள். அரிசி கடத்துகிறார்களா என்று பார்க்கத்தான் சோதனை என்றால் வெறுங்கையோடு வருகிறவர்களும் ஏன் இறங்க வேண்டும்? கண்டக்டரைக் கேட்டேன். “இறங்கும்மா முதல்ல, காரணத்த இறங்கி நின்னு பேசலாம்” என்றார். ஆலயத்தில் பெண்கள் ஏன் இடது பக்கம்? ஆராதனை நடத்தும் உபதேசியார் தொண்டையைக் கனைத்துவிட்டு வேறு ஒருவரைப் பார்த்து வணக்கம் சொன்னார். கூடத்துக்குள் பூ வைத்துக்கொண்டு வரக் கூடாது என்பது ஏன்? இதற்கு மதினியிடம் பதில் இருந்தது. “காயி வாசத்த இழுத்துக்கிரும் புள்ள. அப்புறம் பாயாசத்துல மல்லியப்பூ மணக்கும்.” எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பதில் உள்ள பழக்கம்! மூன்றாம் எண்ணுக்கு எதிரே அழகாக எழுதிக்கொண்டேன்.

ஏழாம் எண், மாதிரித் தட்டு.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் கூடத்தில் பதினான்கு பெண்கள். உலையிலிருந்து காய்ந்து வரும் காயை முதலில் தேய்த்துக் காம்பு உதிர்ப்பார்கள், சல்லடையில் போட்டுப் பருமன்படி பிரிப்பார்கள். அதன் பிறகு நிறம். நல்ல பச்சைக்குத்தான் ஏலத்தில் மதிப்பு. வெளுத்தது, மஞ்சளோடியது எல்லாம் தனிச் சாக்குக்குப் போகும். பதின்மூன்று பேர் பிரித்த பச்சை கடைசியில் ஒருத்தியின் முறத்துக்கு வரும். அவள் பார்த்து விட்டால்தான் சாக்கு கட்டலாம். அந்தக் கடைசிக் கண் என் மதினியுடையது. நாலு வருஷமாக. சாக்கில் அவள் விரலை விட்டு ஒரு காயைத் தேடி எடுத்து வீசினால் அந்தக் காயைப் பொறுக்கிப் பார்த்து மற்றவர்கள் “ஆமால்ல” என்பார்கள்.

அவள் இடம் வடக்கு ஜன்னல் ஓரம். பக்கத்தில் ஒரு வெள்ளை எனாமல் தட்டு, அதில் ஒரு கைப்பிடி காய். சீசன் தொடக்கத்தில் எல்லாருமாகச் சேர்ந்து ஒப்புக்கொண்ட பச்சை அது. அந்தக் காய் ஒரு கறுப்பு டின்னில் துணி சுற்றி ரைட்டர் அறையில் இருக்கும். ரைட்டர் என்றால் எழுத்தாளர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தோட்டத்தில் ஆளையும் காயையும் மேற்பார்வை பார்ப்பவரை அப்படித்தான் சொல்வோம். எங்கள் ரைட்டர் ஒரு மலையாளி, அவர் வாயில் தமிழும் மலையாளமும் ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்காரும். தினமும் காலையில் டின்னிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வந்து தட்டில் போட வேண்டும், முந்தின நாள் தட்டில் இருந்ததைச் சில்லறைச் சாக்கில் கொட்டிவிட வேண்டும். கூடத்துக்குப் புதிதாக வருகிறவளுக்குத்தான் அந்த வேலை. ஆகவே அது எனக்கு வந்தது.

ஏன் தினமும் மாற்ற வேண்டும்? நேற்று பச்சையாக இருந்த காய் இன்று பச்சையில்லையா?

மதினியைக் கேட்டேன். “நான் வந்தப்பவும் அப்பிடித்தான் மாத்துனேன்.” காம்பு உதிர்க்கும் அக்காவைக் கேட்டேன். “காலையில தட்டு மாத்துனாத்தான் வேல ஓடும்.” சல்லடைக்கார அக்கா ஒரு படி மேலே போனார். “கண்ணுபட்ட காயி தட்டுல கிடக்கக் கூடாதுடி.” ரைட்டரைக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. உண்மையைச் சொன்னால் தேவையும் இல்லை என்று நினைத்தேன். ஏழைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். பென்சில் முனை உடைகிற அளவுக்கு அழுத்தி, இரண்டு சுற்று.

அத்தோடு நின்றிருக்கலாம். தோழி எழுதியது வட்டம் போடச் சொல்லித்தான். ஆனால் எனக்கு உள்ளே குறுகுறு என்றிருந்தது. காரணமில்லாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு, மறுநாள் காலையில் போய் அதையே கைகட்டிச் செய்தால் நான் படித்தது என்ன படிப்பு? மறுநாள் நான் ரைட்டர் அறைக்குப் போகவில்லை. தட்டைக் கையில் எடுத்தேன், பின்பக்கம் போனேன், முந்தானையால் தட்டின் விளிம்பைத் துடைத்தேன், அதே காயோடு கொண்டு வந்து வைத்தேன். யாருக்கும் தெரியவில்லை. வானம் இடிந்து விழவில்லை. வேலை ஓடியது. சல்லடைக்கார அக்காவுக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை.

என் வாழ்க்கையின் முதல் தத்துவச் சோதனை வெற்றி என்று நோட்டில் எழுதினேன். தேதியும் போட்டேன்.

அப்படியே இருபது வேலை நாட்கள்.

அந்த நாட்களில் கூடத்தில் ஒரே குதூகலம். காய் அந்த வருஷம் அப்படி வந்துகொண்டிருந்தது. “என்னமாப் பச்சையா வருது பாருங்கடி, மாதிரியவே தோக்கடிக்குது” என்று மதினி தட்டையும் முறத்தையும் மாறி மாறிக் காட்டுவாள். மழை சரியாகப் பெய்ததால் என்றார்கள். அண்ணன் தன் உலைச் சூட்டின் பக்குவம் என்றான். வெளுத்த காய் போடும் கழிவுச் சாக்கு நிறையவே இல்லை. நான் முறத்தைத் தட்டிக்கொண்டே பெட்டிக்குள் இருக்கும் சேலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை ரைட்டர் கூடத்துக்குள் நேராக மதினியிடம் வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். அந்த வாரம் ஏலத்துக்குப் போன சரக்கிலிருந்து எடுத்துத் திருப்பி அனுப்பிய காய். பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை மதினியின் முறத்தில் கொட்டினார், மீதியைப் பொட்டலத்தோடு பக்கத்தில் வைத்தார்.

“இதுவா பச்சை? பாதி வெளுப்பு. போன வாரமே சோர்ந்த நிறம்னு சொன்னாங்க, நான் விட்டுட்டேன். இந்த வாரம் நம்ம சரக்கை இரண்டாம் தரத்தில தள்ளியாச்சு. முதலாளி கம்பத்தில இருந்து ஆள் விட்டுக் கேக்கிறார். எந்தா பதில் சொல்லணும் நான்?”

மதினி காயை விரலால் அளைந்தாள். “நாந்தான சார் பாத்துவிட்டேன். சரியாத்தான இருந்துச்சு.”

“உனக்குக் கண்ணு சரியில்லை. இந்த நேரத்தில சிலருக்கு அப்படி ஆகும். திங்கட்கிழமையில இருந்து நீ காட்டுக்குப் போ, காய் எடுக்க. இங்க வேற ஆளை இருத்திக்கலாம்.”

‘இந்த நேரத்தில்’ என்று அவர் சொன்னது மதினி ஐந்து மாதக் கர்ப்பிணி என்பதால். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, வேரடியில் தரையோடு கிடக்கும் சரத்தில் காய்க்கும். காய் எடுக்கிறவள் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு, குனிந்து, சரிவில் வழுக்கி வழுக்கி நகர வேண்டும். மேலே மழை, கீழே அட்டை. முந்தின வருஷம் ஒருமுறை மதினிக்கு மூன்று மாதத்தில் கலைந்திருந்தது. அப்போதும் ஆள் பற்றாமல் பத்து நாள் காட்டு வேலைக்குத்தான் விட்டிருந்தார்கள். இந்தத் தடவை கூடத்தில் உட்கார்ந்த இடத்து வேலை என்பதால்தான் வீட்டில் எல்லாரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

மதினி முறத்து விளிம்பைப் பிடித்தபடி இருந்தாள். நான்தான் எழுந்து நின்றேன். ஒரு மாதமாக மனசுக்குள் கூர் தீட்டி வைத்திருந்த ஆயுதத்தை வேறெப்போது எடுப்பது?

“சார், ஒரு நிமிஷம். பச்சை எங்க முடியுது, வெளுப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் மதினியின் முறத்திலிருந்து மளமளவென்று இருபது காயைப் பொறுக்கி ஜன்னல் கட்டையில் வரிசையாக அடுக்கினேன். இந்தக் கோடியில் நல்ல பச்சை, அந்தக் கோடியில் நல்ல வெளுப்பு, நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக.

“மொதக் காய் பச்சைதான?”

“அதே.”

“அதுக்கும் ரெண்டாவதுக்கும் வித்தியாசம் தெரியுதா?”

“இல்லை.”

“அப்ப ரெண்டாவதும் பச்சை. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும்?”

இப்படியே ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனேன். பன்னிரண்டு, பதின்மூன்று வரும்போது கூடத்தில் முறம் தட்டும் சத்தமே நின்றுவிட்டது. இருபதாவது காயின் மேல் விரலை வைத்தேன். “அப்ப இதுவும் பச்சைதான் சார். நீங்களே ஒத்துக்கிட்டீங்க.”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். “அப்பிடிக் கேளு காலேஜு!” என்று ஒரு குரல். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ரைட்டர் அந்த வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வரிசையின் முதல் காயையும் கடைசிக் காயையும் எடுத்து உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்கு நீட்டினார்.

“கொள்ளாம். ரொம்ப நல்லா இருக்கு. உன் கணக்குப்படி இது ரெண்டும் ஒண்ணு. பச்சையும் இல்லை, வெளுப்பும் இல்லை. அப்புறம் இங்க பதினாலு பேர் உட்கார்ந்து என்ன பண்றீங்க? நாளையில இருந்து பிரிக்காம அப்படியே சாக்குல கட்டிடலாமே. எல்லாருக்கும் காட்டில வேலை உண்டு.”

சிரிப்பு அப்படியே அறுந்தது. காம்பு உதிர்க்கும் அக்கா முந்தானையைப் பிடித்து என்னை இழுத்து உட்கார வைத்தார். “வாய மூடுடி. மதினிக்கு ஒரு வார்த்த பேசுறேன்னுட்டு எங்க எல்லாத்துக்கும் சேத்து உல வைக்கிறா.”

அன்று இரவு சாப்பாட்டில் அண்ணன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். “ரைட்டர்ட்ட நான் போய்க் கேக்கவா?” என்றான். “நீ கேட்டா உன்னைய உலையில இருந்து எடுத்துருவாரு” என்றாள் மதினி. என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

என் வாதத்தில் பிழை எங்கே என்று தேடிக்கொண்டே படுத்திருந்தேன். பிழை தெரியவில்லை. ஆனால் உள்ளங்கையில் இருந்த அந்த இரண்டு காயும் ஒன்றில்லை என்று குருடனுக்கும் தெரியும். சரியான படிகள் வழியாக ஏறித் தப்பான வீட்டுக்குள் போய் நிற்க முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிய வந்தது. வருத்தத்துக்கு நடுவிலும் அது எப்படி என்று ஒரு ஆர்வம் இருக்கத்தான் செய்தது. வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை வேலைக்கு நடுவில் பளிச்சென்று ஒன்று தோன்றியது. பச்சை எது என்று நான் ஏன் விளக்க வேண்டும்? அதற்குத்தானே தட்டு! பொட்டலத்தில் மீதியிருந்த காயைத் தட்டுக் காயோடு வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு காய்கூட மாதிரியைவிட வெளுப்பில்லை. அப்படியென்றால் மதினியின் கண்ணில் கோளாறு இல்லை. ஏலத்தில் எவனோ வாங்குகிறவன் பொய் சொல்கிறான்!

சனிக்கிழமை மதியம் ரைட்டர் கூடத்துக்கு வந்ததும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு போய் நின்றேன். “சார், இதோட வச்சுப் பாருங்க. நீங்க குடுத்த மாதிரி. மதினி பாத்துவிட்ட காய் இதுக்கு ஒரு சொட்டு கம்மியில்ல.”

அவர் பொட்டலத்துக் காயைத் தட்டில் போட்டுக் கலந்தார். பிரிக்க முடியவில்லை. ஜன்னலுக்குப் போனார், வாசலுக்குப் போனார். முகம் மாறியது. “சரியாணல்லோ, சரியாத்தான் இருக்கு” என்றார் மெதுவாக. கூடமே எங்களைச் சுற்றி நின்றது. மதினி எழுந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அந்த டின்னை எடு” என்றார்.

நானே ஓடிப்போய் எடுத்து வந்தேன். நானே துணியை அவிழ்த்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை விரித்து டின்னைச் சாய்த்தார்.

அந்தப் பச்சையை எப்படிச் சொல்வது! இலைக்குள்ளிருந்து அப்போதுதான் பிடுங்கிய மாதிரி இருந்தது. அதன் பக்கத்தில் தட்டில் இருந்தது சோர்ந்து, சாம்பல் ஓடி, கிழவியின் நகம் மாதிரி கிடந்தது. இரண்டும் ஒரே தோட்டத்தில் காய்த்து, ஒரே நாளில், ஒரே உலையில் காய்ந்த காய். ஒன்று இருட்டில் இருந்திருக்கிறது. மற்றது ஜன்னலில்.

நான் அந்த ஜன்னலைப் பார்த்தேன். இருபது நாள் வெளிச்சத்தையும் ஒன்றாகப் பார்த்த மாதிரி இருந்தது.

“தட்டு தினமும் மாத்துறதுதானே?” என்றார் ரைட்டர்.

மதினி என் முகத்தைப் பார்த்தாள். ஒரு கணம்தான். நாலு வருஷமாக நிறத்தையே பார்த்த கண், என் முகத்தில் எல்லாம் தெரிந்திருக்கும். அவரைப் பார்த்துத் திரும்பினாள்.

“மாத்துறோம் சார். தெனமும் மாத்துறோம்.”

“இன்னைக்கும் மாத்தியாச்சு?”

“ஆமா சார்.”

“காலையில டின்னில இருந்து எடுத்தது மதியத்துக்குள்ள இப்படி ஆகுமோ? ஆகாது.” அவர் குரல் தாழ்ந்தது, அதுதான் பயமாக இருந்தது. “அப்ப இது டின்னில இருந்து எடுத்ததில்லை. வெளுப்புச் சாக்குல இருந்து அள்ளித் தட்டில போட்டு, இந்தக் குட்டியைப் பேச விட்டு என்னை முட்டாளாக்கப் பார்த்தாய். காட்டுக்கும் நீ வர வேண்டாம். வீட்டில இருந்துக்கோ.”

என் வரிசைக் காயைவிட அவர் வாதம் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு படியும் சரி. அடியில் ஒரே ஒரு பொய், அதுவும் எனக்காக மதினி வைத்தது.

“சார், மதினி மாத்தச் சொல்லித்தான் இருந்தாங்க. நாந்தான் மாத்தல.”

“எத்தனை நாளா?”

“இருபது நாளு.”

“எந்தினு? எதுக்கு?”

“ஏன் மாத்தணும்னு யாருக்கும் காரணம் தெரியல சார்.” எனக்கே என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. “அதனால நிறுத்திட்டேன்.” நோட்டை எடுத்து ஏழாம் எண்ணையும், நான் போட்ட தேதியையும், ‘வெற்றி’ என்ற சொல்லையும் காட்டினேன். அதைவிடப் பெரிய சாட்சி என்னிடம் இல்லை.

ரைட்டருக்குத் தமிழ் வாசிக்க வரும், எழுத்துக்கூட்டித்தான். ஒவ்வொரு எழுத்தாக வாசித்து முடித்தார். நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். டின்னிலிருந்து அவரே ஒரு கைப்பிடி எடுத்தார், தட்டிலிருந்த கிழட்டுக் காயைக் கொட்டினார், புதியதைப் போட்டு மதினியின் முறத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“அவள் இங்கேயே இருக்கட்டும். திங்கட்கிழமை காட்டுக்கு நீ போ. சீசன் தீரும் வரை.”

வீட்டுக்கு நடக்கையில் மதினி வாழைச் சருகைக் காலால் எத்திக்கொண்டே வந்தாள். பாதி வழியில் கேட்டாள்.

“எனக்குத் தெரியலன்னு சொன்னேன்ல, ஏன் மாத்துறோம்னு?”

“ஆமா மதினி.”

“எனக்குத் தெரியலன்னா நான் மக்கு. அதுக்காகக் காரணமே இல்லன்னு ஆயிருமா? மதுரைல அப்பிடித்தான் சொல்லிக் குடுக்காகளா?”

“இல்ல மதினி. அங்க வட்டம் போடத்தான் சொன்னாங்க.”

“வட்டம் போட்டவ கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்துருக்கலாம்ல?” கொஞ்ச தூரம் போய், “நானும் கழுத, காயி மாதிரியத் தோக்கடிக்குதுன்னு குதிச்சேன் பாரு. மாதிரி தோத்துக்கிட்டு இருந்துருக்கு” என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.

காட்டு வேலையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, காலில் உப்பும் புகையிலையும் தேய்த்துக்கொண்டு, குத்துக்காலிலேயே சரிவு முழுக்க அளந்தேன். இதையா ஐந்து மாத வயிற்றோடு செய்திருப்பாள் என்று ஒவ்வொரு குனிவிலும் தோன்றும். மூன்றாவது நாளிலேயே ஒன்று கண்ணில் பட்டது. ஏலச்செடி பெரிய மர நிழலில்தான் நிற்கிறது, காயோ இலைக்கும் கீழே, தரையின் இருட்டில். வெயில் படாத இடத்தில் ஒளிந்துகொண்டு பச்சையாக இருக்கிறது. நாலு மாதமாகக் கையில் வைத்துப் பிரித்தவள் அது வளரும் இடத்தைப் போய்ப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஏழாம் எண்ணுக்கு ஒரு துப்பு கிடைத்திருக்குமோ என்னவோ.

தோழிக்கு எழுதினேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தேனே, நான் தொடங்கிய இடம் இது, நீ இங்கே தொடங்காதே என்றும் எழுதினேன். கடைசியில், பெட்டிக்குள் இருக்கும் சிவப்புச் சேலையைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டேன், பெட்டிக்குள் இருந்ததால்தான் அது இன்னும் சிவப்பு, உன் கேள்விக்கு இது பதில் இல்லை என்றும் தெரிகிறது, ஆனால் வகுப்பில் சொல்லிப் பார் என்று எழுதி ஒட்டினேன். நோட்டில் ‘வெற்றி’யை அடித்தேன். ஏழாம் எண்ணுக்கு எதிரே பதிலை எழுதினேன். வட்டத்தை அழிக்கவில்லை. அப்படி அழுத்திப் போட்டிருந்தேன், அழியவும் அழியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து வந்து மதினி என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றாலும் விடவில்லை. கை திடீரென்று நின்றது.

“ஏ காலேஜு. தெனமும் டின்ன தொறந்து நாந்தான் இப்ப தட்டு மாத்துறேன்.”

“தெரியும் மதினி.”

“டின்னுக்குள்ள இருக்குற காயி இருட்டுலயே கெடந்து கொஞ்சங் கொஞ்சமா வெளுத்துச்சுன்னு வையி. தட்டும் அதோடயே வெளுக்கும். என் கண்ணும் அதோடயே போகும். அத எத வச்சுப் பாக்குறது?”

நான் எழுந்து உட்கார்ந்தேன். ஒரு மாதம் தலைகீழாக நின்று யோசித்தும் எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை. நோட்டைத் தேடி எடுத்தேன்.

“எழுதி வட்டம் போடப் போறியாக்கும்?”

“ஆமா.”

“போடு. ஆனா நீ எதையும் நிறுத்தித் தொலையாத. நானே ரைட்டர்ட்டக் கேக்குறேன்.”

கேட்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவர் எதிரே நின்று அவள் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை மழை கொஞ்சம் விட்டிருந்தது. சரிவின் மேல் முனையில் சரம் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது கீழே கூடத்து வாசல் தெரிந்தது. ரைட்டர் தன் அறையிலிருந்து வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் எங்கள் கறுப்பு டின். இன்னொரு கையில் தூசி படிந்த வேறொரு டின், ஒரு வருஷமாக இருட்டிலேயே கிடந்த போன சீசன் மாதிரியாக இருக்க வேண்டும். வாசலில் மதினி ஒரு வெள்ளைத் தாளை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

என்ன தெரிந்தது என்று கேட்க நான் சாயங்காலம் வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நீளமான பகலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.